தீசிஸை ஜர்னல் கட்டுரையாக்குதல்: புதுச்சேரி, கடலூர் மருத்துவ முதுநிலை மாணவர்களுக்கு

எண்பது பக்கத் தீசிஸை வெட்டிச் சுருக்கினால் கட்டுரை கிடைத்துவிடாது. நீங்கள் படித்திருக்கிறீர்கள், உழைத்திருக்கிறீர்கள் என்று தேர்வாளருக்குக் காட்ட எழுதப்பட்டது தீசிஸ். கட்டுரைக்கு ஒரே வேலைதான்: ஒரு கேள்வி, அதற்கு விடை. தீசிஸ் கோப்பைத் திறந்து பத்தி பத்தியாக அழித்துக்கொண்டிருப்பதைவிட, புதுக் கோப்பு ஒன்றில் அட்டவணைகளிலிருந்து தொடங்குவது வேகமான வழி.

பேச வசதியாக ஒரு கற்பனை ஆய்வை வைத்துக்கொள்வோம். காய்ச்சலுடன் வார்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு ஸ்க்ரப் டைபஸ், அதாவது நாளிதழ்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதும் நோய், இருந்தது என்பது கேள்வி. 212 பேரைப் பார்த்தோம். 31 பேர் சேர்க்கை விதிகளுக்குள் வரவில்லை. 9 பேர் ஒப்புதல் தரவில்லை. மீதி 172. அவர்களில் 58 பேருக்கு ஐ.ஜி.எம் எலைசா, அதாவது அண்மைத் தொற்றின் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் சோதனை, பாசிட்டிவ்.

முதலில் ஜர்னல், பிறகு எழுத்து

எழுதி முடித்துவிட்டு ஜர்னல் தேடுபவர்கள் இரண்டு முறை எழுத வேண்டி வரும். ஒவ்வொரு ஜர்னலுக்கும் கட்டுரையாளர்களுக்கான விதிப் பக்கம் உண்டு. அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் கட்டுரைக்குப் பெரும்பாலும் 2500 முதல் 3500 சொற்கள், 250 சொல்லில் சுருக்கம், அட்டவணையும் படமும் சேர்த்து ஐந்தாறு, மேற்கோள்கள் முப்பது நாற்பது என்ற அளவில் இருக்கும். வரம்பைத் தாண்டிய கட்டுரை எடிட்டர் கண்ணில் படாமலே அலுவலகத்திலிருந்து திரும்பி வரும்.

"மூன்று நாளில் ஏற்பு" என்று மின்னஞ்சல் அனுப்பும் ஜர்னல்களை விட்டுவிடுங்கள். ஒரு ஜர்னலின் கட்டுரைகள் பப்மெட் என்ற தேடல் தளத்தில் தென்படுவதும், தேர்ந்தெடுத்த ஜர்னல்களை மட்டும் சேர்க்கும் மெட்லைனில் அது இருப்பதும் ஒன்றல்ல. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் என்.எல்.எம் கேட்டலாகில் பெயரைப் போட்டால் தற்போது மெட்லைனில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நல்ல ஜர்னலின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துவோர் உண்டு. அதனால் மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்காமல், கேட்டலாகில் உள்ள முகவரி வழியாகவே தளத்துக்குள் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்பக் கூடாது. முதலாவது கைவிட்ட பிறகே அடுத்தது.

ஆய்வு வகைக்கேற்ற சரிபார்ப்புப் பட்டியலையும் இந்தக் கட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டு போன்ற கவனிப்பு ஆய்வுக்கு ஸ்ட்ரோப், 22 அம்சங்கள். சோதனையின் துல்லியத்தை அளக்கும் ஆய்வுக்கு ஸ்டார்ட். சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுக்குக் கன்சார்ட். முறையான இலக்கியத் தொகுப்புக்குப் பிரிஸ்மா, 27 அம்சங்கள். தனி நோயாளி அறிக்கைக்குக் கேர். எல்லாம் ஈக்வேட்டர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடைசி நாளில் பட்டியலை நிரப்பும்போதுதான் "விடுபட்ட தரவை எப்படிக் கையாண்டீர்கள்" என்ற வரி கண்ணில் படும். அப்போது தரவுக் கோப்பு யார் மடிக்கணினியில் இருக்கிறது என்று தேடிப் பயனில்லை.

எண்கள்

எங்கள் கணிப்பில், திரும்பி வரும் கட்டுரைகளில் மொழியைவிட எண்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. சுருக்கத்தில் 172, முடிவுகளில் 171, இரண்டாவது அட்டவணையில் ஆண் பெண் கூட்டினால் 170. ரிவ்யூவர், அதாவது ஜர்னலுக்காகக் கட்டுரையை மதிப்பிடுபவர், இதைப் பார்த்த நொடியில் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார். ஆகவே வரிசை இது: 212லிருந்து 172 வரை வந்த பாதையை ஓட்டப் படமாக வரையுங்கள், பிறகு அட்டவணைகள், அவற்றைப் பார்த்து முடிவுகள் பகுதி, அதன் பின் முறை, விவாதம், அறிமுகம். சுருக்கம் கடைசியில். சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் கட்டுரைக்குள் தேடி, பென்சிலால் டிக் போடுங்கள். கட்டுரைக்குள் இல்லாத எண் சுருக்கத்தில் இருக்கக் கூடாது.

விழுக்காடு தனியாக நிற்க வேண்டாம். "33.7%" என்று மட்டும் எழுதாமல் "172 பேரில் 58 பேர் (33.7%, 95% நம்பக இடைவெளி 27.1 முதல் 41.1 வரை)" என்று எழுதுங்கள். இந்த இடைவெளி வில்சன் முறையில் கணக்கிட்டது. எந்த முறை என்று புள்ளியியல் பத்தியில் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். மொத்த எண்ணிக்கை நூறுக்குக் கீழே இருந்தால் விழுக்காட்டில் தசமமே தேவையில்லை. 23 பேரில் 7 பேரை 30.43% என்று எழுதுவது துல்லியமாகத் தோன்றும், உண்மையில் அப்படி இல்லை. வயதையும் 43.27 என்று போட வேண்டாம், 43 போதும்.

எஸ்.பி.எஸ்.எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் அட்டவணையில் .000 என்று அச்சாவதை அப்படியே "பி = 0.000" என்று எடுத்து எழுதுவது நம் பக்கத்துத் தீசிஸ்களில் நிரந்தரத் தவறு. எந்த பி மதிப்பும் சரியாகச் சுழியாக இருக்காது. மென்பொருள் மூன்று தசமத்தோடு நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். "பி < 0.001" என்று எழுதுங்கள். மற்றவற்றுக்கு "பி < 0.05" என்று பொதுவாகப் போடாமல் சரியான மதிப்பைத் தாருங்கள்.

மருத்துவமனையில் தங்கிய நாட்கள், தட்டணு எண்ணிக்கை, கிரியாட்டினின் போன்றவை பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்த பரவல் கொண்டவை. தங்கிய நாள் "6 ± 7" என்று இருந்தால் சிலர் வார்டில் சேர்வதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டதாக அர்த்தமாகும். அங்கே இடைநிலை அளவும் கால்மான வீச்சும் கொடுக்க வேண்டும். சராசரி கொடுத்தால் பக்கத்தில் திட்ட விலக்கம். சிறியதாகத் தெரிகிறது என்பதற்காகத் திட்டப் பிழையைப் போடுவது ஏமாற்று.

இந்தியக் காற்புள்ளியையும் கவனியுங்கள். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 12,47,953. வெளிநாட்டு ஜர்னலுக்கு 1,247,953 என்று காற்புள்ளியை மாற்ற வேண்டும். லட்சம், கோடி என்ற சொற்களும் அங்கே செல்லாது.

எந்த ஊர் மக்கள்?

"புதுச்சேரியில் ஸ்க்ரப் டைபஸ் பரவல் 33.7%" என்று தலைப்பு வைத்தால் அது தவறு, பெரிய தவறு. முதலாவதாக, இது வார்டில் சேர்ந்த காய்ச்சல் நோயாளிகளிடையே கண்ட விகிதம். ஊர் மக்களிடையே உள்ள பரவல் அல்ல. இரண்டாவதாக, ஜிப்மர் வாசலில் நிற்கும் பேருந்துகளைப் பார்த்தாலே தெரியும்: நோயாளிகள் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிறார்கள். மூன்றாவதாக, "புதுச்சேரி" என்ற சொல்லே ரிவ்யூவருக்குத் தெளிவில்லை. ஒன்றியப் பகுதி என்றால் காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் அதில் அடங்கும். மாவட்டம் மட்டும் என்றால் 2011ல் 9,50,289 பேர். எது என்று முறைப் பகுதியின் முதல் பத்தியில் சொல்லுங்கள். நோயாளிகளின் சொந்த மாவட்டத்தைத் தரவில் பதிந்திருந்தால் ஒரு சிறு அட்டவணையாகக் கொடுங்கள். பதியவில்லை என்றால் குறைபாடுகள் பத்தியில் ஒப்புக்கொள்ளுங்கள். "மூன்றாம் நிலை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் என்பதால் நோய் முற்றியவர்களின் பங்கு கூடியிருக்கலாம்" என்ற ஒரே வரி ரிவ்யூவரின் பாதிக் கேள்விகளை அடைத்துவிடும்.

பழைய இலக்கியம் தேடும்போதும் பெயர்ச் சிக்கல் உண்டு. ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி என்று மாறியது 2006ல். 1975ல் இங்கே தொடங்கிய வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டரின் ஆரம்பகால யானைக்கால், கொசு ஆய்வுகளெல்லாம் பழைய பெயரில்தான் கிடைக்கும். இரண்டு எழுத்துக்கூட்டலையும் "அல்லது" போட்டுத் தேடாமல் "இப்பகுதியில் இதுவே முதல் ஆய்வு" என்று எழுதிவிடாதீர்கள். பொதுவாகவே "முதல்" என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது.

முறை

இன்னொரு ஊரில் இன்னொருவர் இதைப் படித்து அதே ஆய்வைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். அதுதான் அளவுகோல். எலைசா கிட்டின் பெயர், தயாரிப்பாளர், ஊர், நாடு. பாசிட்டிவ் என்று எடுத்துக்கொண்ட ஒளியடர்த்தி வரம்பு. இந்திய ஆய்வுகள் பலவும் 0.5ஐ வைத்துக்கொள்கின்றன, நீங்களும் அதையே எடுத்திருந்தால் ஏன் என்றும், உள்ளூர் ஆரோக்கியமானவர்களிடம் சரிபார்த்தீர்களா என்றும் சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் ரத்தம் எடுத்தீர்கள் என்பது பலர் மறக்கும் தகவல். ஐ.ஜி.எம் முதல் சில நாட்களில் எழும்பியிருக்காது என்பதால் அது இல்லாமல் 58 என்ற எண்ணுக்கே பொருள் குறைகிறது. மாதிரி அளவு எப்படிக் கணக்கிடப்பட்டது, மென்பொருளின் பதிப்பு எண் எது என்பவையும் வேண்டும்.

கேள்வித்தாள் தமிழில் கேட்கப்பட்டதென்றால் அதைச் சொல்லுங்கள்: யார் மொழிபெயர்த்தார், மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்தீர்களா என்று. சொற்கள் இங்கே சறுக்கும். "அம்மை போட்டிருக்கிறதா" என்றால் சின்னம்மையும் தட்டம்மையும் ஒரே பதிலில் வந்துவிடும். கேள்வித்தாளைத் துணைக் கோப்பாக அனுப்பும்போது யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப் ஆக்கி அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் எடிட்டர் திரையில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

அனுமதி, ஒப்புதல், அடையாளம்

நிறுவன நெறிமுறைக் குழுவின் முழுப் பெயர், அனுமதி எண், தேதி மூன்றும் கட்டுரையில் இருக்க வேண்டும். அந்தத் தேதி முதல் நோயாளியைச் சேர்த்த தேதிக்கு முந்தையதாக இருக்கிறதா என்று பாருங்கள். "ஜனவரி முதல் டிசம்பர் வரை" என்று ஆய்வுக் காலம் எழுதி, அனுமதிக் கடிதம் மார்ச்சில் வந்திருந்தால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். பழைய கேஸ் ஷீட்டுகளை மட்டும் பார்த்த ஆய்வுக்கு ஒப்புதல் தேவையில்லை என்று நீங்களே முடிவு செய்ய முடியாது. விலக்கு தர வேண்டியது குழு, விலக்கு கிடைத்தது என்று எழுத வேண்டியது நீங்கள். சிகிச்சையை ஒதுக்கிக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வென்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐயின் பதிவு எண் வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அங்கே முன்கூட்டிய பதிவு மட்டும்தான். முதல் நோயாளி சேர்ந்த பிறகு பதிய வழியில்லை.

படத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால் போதும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அது போதாது என்று மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் பன்னாட்டுக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ வெளிப்படையாகவே சொல்கிறது. முகம் தெரிந்தால் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும், அதுவும் இணையத்தில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று தமிழில் புரியும்படி சொல்லி வாங்கியதாக. முகம் இல்லாமலும் ஆள் தெரியலாம். "தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்த 43 வயது மீனவர், இன்ன தேதியில் படகில் காயம்பட்டு" என்று எழுதினால் அந்தக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் பெயர் சொல்லிவிடுவார்கள். "நாற்பதுகளில் உள்ள, கடல் தொழில் செய்பவர்" போதும். எக்ஸ்ரே, சி.டி மூலையில் உள்ள பெயரும் மருத்துவமனை எண்ணும் போக வேண்டும். பவர்பாயிண்டில் கிராப் செய்தால் மறைந்ததுபோல் தெரியும், ஆனால் வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் இழுத்து விரித்துப் பார்க்கலாம். வெட்டிய பின் தனிப் படக் கோப்பாகச் சேமித்து அனுப்புங்கள்.

பெயர்

நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஜர்னல் இணையதளம் விடாது. தந்தை பெயரின் முதலெழுத்தோடு "கு. செல்வி" என்று இருப்பவர், ஒரு கட்டுரையில் செல்வியைக் கடைசிப் பெயராகவும், இன்னொன்றில் தந்தை பெயரான குமாரைக் கடைசிப் பெயராகவும் போட்டால், பப்மெட் அவரை இரண்டு ஆட்களாகக் காட்டும். பத்தாண்டு கழித்து உதவிப் பேராசிரியர் நேர்காணலில் இரண்டும் நானே என்று நிரூபிக்க வேண்டி வரும். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். திருமணத்துக்குப் பிறகும் அதே வடிவம்தான். ஆய்வாளரை அடையாளம் காட்டும் பதினாறு இலக்க ஆர்க்கிட் எண் இலவசம், ஐந்து நிமிட வேலை.

யார் பெயர் வரலாம் என்பதற்கு ஐ.சி.எம்.ஜே.இ நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, வரைவை எழுதுவதிலோ அறிவார்ந்து திருத்துவதிலோ பங்கு, இறுதிப் படிக்கு ஒப்புதல், முழுப் படைப்புக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும், ஏதாவது ஒன்று போதாது. துறைத் தலைவர் என்பது நிபந்தனைகளில் இல்லை. ரத்தம் எடுத்தவர், கிட் வாங்கித் தந்தவர் நன்றிப் பத்தியில் வரலாம். இந்தப் பேச்சைத் தரவு சேகரிக்கும் முன்பே முடித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது, அனுப்பும் நாள் மாலையில் பேசினால் கசப்புத்தான் மிஞ்சும். சாட் ஜி.பி.டி போன்றவை கட்டுரையாளர் ஆக முடியாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று அறிவிக்க வேண்டும்.

தொடர்புக்குரிய மின்னஞ்சலாக முதுநிலை முடித்ததும் முடங்கிவிடும் கல்லூரி முகவரியைத் தராதீர்கள். ரிவ்யூ ஆறு மாதம் கழித்து வரும், அப்போது நீங்கள் வேறு ஊரில் இருப்பீர்கள்.

படங்கள்

ஜர்னல் பக்கத்தில் ஒரு நெடுவரிசையின் அகலம் சுமார் 85 மில்லிமீட்டர். 300 டி.பி.ஐ கேட்டால் குறுக்கே ஏறத்தாழ 1000 பிக்சல், இரு நெடுவரிசை அகலத்துக்கு 2000. கோட்டுப் படங்களுக்கு இன்னும் அதிகம் கேட்பார்கள். 400 பிக்சல் படத்தின் எண்ணை மட்டும் 300 என்று மாற்றுவதால் விவரம் பிறந்துவிடாது. படம் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: ஒன்று வாட்ஸ்அப், சாதாரணமாக அனுப்பினால் அமுக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். இன்னொன்று வேர்ட், கோப்புக்குள் ஒட்டிய படத்தைச் சேமிக்கும்போது சுருக்கும். அதனால் படங்களைத் தனி டிஃப் கோப்பாக வைத்திருங்கள். வியூ பாக்ஸில் மாட்டிய ஃபிலிமைக் கைப்பேசியில் எடுத்த படம் எந்த ஜர்னலிலும் தேறாது. ரேடியாலஜியிலிருந்து டைகாம் கோப்பை, அதாவது கருவி தரும் மூலப் படக் கோப்பை, வாங்கி, அடையாளம் நீக்கிப் பயன்படுத்துங்கள். நுண்ணோக்கிப் படத்துக்குச் சாயத்தின் பெயரும் அளவுக்கோடும் வேண்டும். வெளிச்சம் கூட்டினால் முழுப் படத்துக்கும் ஒரே அளவில் கூட்டலாம், ஒரு மூலைக்கு மட்டும் கூட்டினால் அது தரவைத் திரிப்பது.

மேற்கோள்கள்

மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருளாகச் சோட்டிரோ இலவசம், போதும். வான்கூவர் பாணியில் எண் வரிசை. ஆறு பேருக்கு மேல் இருந்தால் முதல் ஆறு பெயரோடு "மற்றும் பிறர்" என்பது வழக்கம், ஜர்னல் மாற்றிக் கேட்டால் மாற்றுங்கள். படிக்காத கட்டுரையை இன்னொருவரின் பட்டியலிலிருந்து எடுத்துப் போடுவதுதான் தவறான பக்க எண்கள் தலைமுறை தலைமுறையாகப் பயணிக்கக் காரணம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இருந்தால் சோட்டிரோ சிவப்பில் எச்சரிக்கும். அனுப்பும் படியில் மட்டும் சோட்டிரோ இணைப்புகளை நீக்கிவிடுங்கள், மூலக் கோப்பில் இருக்கட்டும்.

அனுப்பும் நாள்

பெயர் மறைத்த ரிவ்யூ என்றால் தலைப்புப் பக்கம் தனிக் கோப்பு. முறைப் பகுதியில் மருத்துவமனைப் பெயர், நெறிமுறைக் குழுப் பெயர், நன்றி, கோப்பின் பண்புகளில் உள்ள உங்கள் பெயர், ஏன், "செல்வி_ஃபைனல்_3" என்ற கோப்புப் பெயர்கூட உங்களைக் காட்டிக்கொடுக்கும். தீசிஸ் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்கெனவே இருந்தால் ஒப்புமை மென்பொருள் கட்டுரை முழுவதையும் சிவப்பாக்கும். பெரும்பாலான ஜர்னல்கள் தீசிஸை முன்வெளியீடாகக் கருதுவதில்லை, ஆனால் முகப்புக் கடிதத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்தக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: கேள்வி என்ன, என்ன கண்டீர்கள், இந்த ஜர்னல் வாசகருக்கு ஏன், வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதி.

எல்லாவற்றையும் ஏற்றிய பின் தளம் ஒரு பி.டி.எஃப் கட்டித் தரும். ஒப்புதல் பொத்தானை அழுத்துமுன் அதை முதல் வரியிலிருந்து படியுங்கள். சிம்பல் எழுத்துருவில் தட்டச்சு செய்த மைக்ரோ குறி மாறும்போது வெறும் "எம்" ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகி, மருந்தளவு ஆயிரம் மடங்கு கூடிவிடும். குறியை யூனிகோடில் இடுங்கள் அல்லது "மைக்ரோகிராம்" என்று முழுதாக எழுதுங்கள். கிருமிப் பெயர்களின் சாய்வெழுத்தும் இந்த மாற்றத்தில் போய்விடும், பாருங்கள்.

திருத்தம் கேட்டு வந்தால் ரிவ்யூவரின் ஒவ்வொரு வரியையும் அப்படியே ஒட்டி, கீழே பதில், மாற்றம் செய்த பக்கம், வரி எண் என்று எழுதுங்கள். அவர் சொன்னது தவறென்றால் காரணத்தோடு மறுக்கலாம், மௌனமாகத் தாண்டக் கூடாது. ஏற்பு வந்த பிறகு அச்சுப் படி வரும், பெரும்பாலும் 48 மணி நேரத்தில் திருப்பக் கேட்பார்கள். ஸ்பாம் பெட்டியில் விழுவதும் வழக்கம். அதில் பார்க்க வேண்டியவை கட்டுரையாளர் பெயர்களின் வரிசையும் எழுத்துக்கூட்டலும், நிதி விவரம், அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும். ஒருவர் மூல அட்டவணையை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுப் படியில் விரல் வைத்துக்கொண்டே போனால் இருபது நிமிடத்தில் முடியும்.